இருபத்தாறு ஒற்றுகள்

உங்க போனை எட்டிப் பாக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கண்ணு தானா போயிடுது. முப்பது வருஷமா அடுத்தவங்க எழுதினதைப் படிச்சே பொழச்ச கண்ணு. 'அவனை கேட்டு சொல்றேன்'னு அடிச்சிருக்கீங்க. 'அவனைக் கேட்டுச் சொல்றேன்'னு வரணும். ஒரு 'க்', ஒரு 'ச்'. ரெண்டு எடத்துல ஒற்றை விட்டுட்டீங்க. இல்ல இல்ல, அழிக்க வேணாம், அனுப்புங்க. உங்க ஆளுக்குப் புரியும். நான் சும்மா சொன்னேன்.

சும்மா சொன்னேன்னா, சும்மாவும் இல்ல. நேத்து ஒருத்தங்களோட போன்ல பேசினேன். அதுலேர்ந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. பஸ் தஞ்சாவூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ல? நீங்க வேணும்னா காதுல அதை மாட்டிக்குங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.

என் பேரு சபாநடேசன். திருச்சியில ஒரு நோட்ஸ் கம்பெனியில பிழை திருத்துறவனா இருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கோனார் உரை வருமே, அந்த மாதிரி போடுற கம்பெனி, ஆனா அவ்வளவு பெருசு இல்ல, சின்னது. அங்க டைப் அடிக்கிறவங்க லூர்துமேரி. என்னைவிட அஞ்சாறு வயசு கம்மி இருக்கும். வேகம்னா அப்படி ஒரு வேகம். கீபோர்டைப் பாக்கவே மாட்டாங்க. ஆனா ஒற்று மட்டும் வராது. நான் பக்கத்துக்கு முப்பது செவப்பு வட்டம் போட்டு அனுப்புவேன். முகம் சுளிக்காமத் திருத்திக் குடுப்பாங்க.

அந்தக் கம்பெனியை ஒருநாள் மூடிட்டாங்க. எல்லாரும் தெருவுல. அந்தம்மாதான் எங்கயோ தேடிப் பிடிச்சு, பெங்களூர்ல ஒரு கம்பெனி, பேரு எதுக்கு, அதுல சேர்ந்தாங்க. சேர்ந்தாங்கன்னா வேலைக்கு இல்ல. ஃப்ரீலான்ஸ். வீட்டுல உக்காந்தே இங்கிலீஷ்ல இருக்கறதைத் தமிழ்ல எழுதி அனுப்பணும். ஆஸ்பத்திரி நோட்டீஸ், மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே அந்தப் பேப்பரு, போன்ல வர்ற மெசேஜு, எல்லாம். கொஞ்ச நாள்ல அங்க என் பேரையும் சொன்னாங்க. 'சபாநடேசன் சார் பாத்தா ஒரு ஒற்றுப்பிழை இருக்காது'ன்னு. அவங்க எழுதுவாங்க, நான் திருத்துவேன். ஏழு வருஷம் அப்படிப் போச்சு.

அவங்களுக்கு வீட்டுல உக்காந்து செய்யிற வேலைதான் வேணும். வீட்டுக்காரரு செபஸ்தியான், கரெண்ட் கம்பத்துல ஏறுற வேலை. அதுவும் கான்ட்ராக்ட்டு. மேலேர்ந்து விழுந்து முதுகெலும்பு போயிடுச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. பாலக்கரையில ஒரே ஒரு ரூம் வீடு. கட்டிலுக்குப் பக்கத்துலயே மேஜை, மேஜை மேல கம்ப்யூட்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, அவரைப் புரட்டிப் படுக்க வச்சுட்டு, திரும்ப வந்து உக்காந்து அடிப்பாங்க. நான் ஒரு தடவை போயிருக்கேன். பேசிக்கிட்டே இருந்தாங்க, மணியைப் பாத்தாங்க, எழுந்து போய் அவரைப் புரட்டினாங்க, வந்து விட்ட எடத்துலேர்ந்து பேச்சைத் தொடர்ந்தாங்க. ஆறடி ஆளு. அவரு என்னைப் பாத்து, "வாங்க சார், செவப்பு இங்க்கு சார் நீங்கதானா?"ன்னு சிரிச்சாரு.

எங்களுக்குள்ள சண்டை வராம இல்ல. ஒரு தடவை படுத்த படுக்கையா கெடக்குற நோயாளிகளை எப்படிப் பாத்துக்கறதுன்னு ஒரு ஆஸ்பத்திரி நோட்டீஸ். அந்தம்மா எழுதியிருந்தாங்க, 'ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியை புரட்டி படுக்க வையுங்க.' ஒற்று ரெண்டும் போச்சு, அது ஒரு பக்கம். 'புரட்டி'ங்கிறாங்க. தோசையா? நான் மாத்தினேன், 'இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நோயாளியின் உடல் நிலையை மாற்றியமைக்கவும்.'

போன் பண்ணிட்டாங்க. "சார், உடல் நிலையை எப்படி சார் மாத்துறது? அது கடவுள் செய்யிற வேலை."

"உடல் நிலைன்னா உடம்பு இருக்கிற நிலை மேரி. சரியான தமிழ்தான்."

"வீட்டுல படிக்கிற பொம்பளைக்கு அது எப்படி சார் புரியும்? நான் தெனம் பண்றேன் சார். இதுக்குப் பேரு புரட்டுறதுதான்."

நான் விடல. நான் மாத்தினபடிதான் போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். கடைசியில அந்தம்மா ஒற்றுக்கு மசிஞ்சாங்க. நாலஞ்சு வருஷத்துல நான் செவப்பு மை தொடவே வேண்டியதில்லன்னு ஆயிடுச்சு. 'மருந்தைக் குடிக்க', 'உணவுக்குப் பின்', 'கையைக் கழுவி'. கை தானா போடும். அது என் கைங்கர்யம். அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

துவாக்குடி தாண்டிட்டோமா? ம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பெங்களூர்லேர்ந்து ஒரு மெயில். எங்களுக்கு வேலை அனுப்புற பையன் கிரண். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனா தமிழ் எப்படி இருக்கணும்னு அவன்தான் எங்களுக்குச் சொல்லுவான். முப்பத்து நாலு பக்கத்துக்கு ஒரு ஃபைல். புது விதிமுறை. இனிமே பேசுற மாதிரி எழுதணும். 'உள்நுழைக' கிடையாது, 'லாகின் பண்ணுங்க'. 'நீங்கள்' கிடையாது, 'நீங்க'. அப்புறம் பதினொண்ணாம் பக்கம். ரெண்டு வார்த்தைக்கு நடுவுல வர்ற ஒற்றைப் போடக் கூடாது. போன்ல எடம் பத்தலையாம், தேடினா கெடைக்க மாட்டேங்குதாம், என்னென்னமோ காரணம்.

எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். தொல்காப்பியத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். கிரண்கிட்டேர்ந்து ஒத்தை வரி வந்துச்சு, 'நோட்டட் சார்.' அவ்வளவுதான்.

அப்புறம் யோசிச்சேன். விதின்னு ஒண்ணு வந்துட்டா அது விதிதானே? யாரு போட்டா என்ன. முன்னாடி இருந்ததும் யாரோ போட்டதுதான். அடுத்த வாரத்துக்குள்ள அந்த முப்பத்து நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். எத்தனாவது பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டா சொல்லுவேன். கிரணே அசந்துட்டான். என்னைத் 'தமிழ் லீடு'ன்னு போட்டான். வயசு அம்பத்தேழு, இப்பதான் எனக்கு ஒரு பதவி வருது.

அதோட கூடவே வந்தது அந்தப் பரீட்சை. பழைய ஆளு, புது ஆளு எல்லாரும் புது விதிமுறைப்படி ஒரு பக்கம் எழுதி அனுப்பணும். பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். நான் திருத்தி மார்க் போடணும். எழுபத்தஞ்சுக்குக் கீழ வந்தா எடுத்துருவாங்க. எடுத்துருவாங்கன்னா, நம்ம வேலையில அப்படி யாரும் வந்து சொல்ல மாட்டாங்க தம்பி. மெயில் வராது. இன்னைக்கு வரல, நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டே இருப்போம். வராது. அதான் எடுக்கறது.

இருபத்து மூணு தாள் வந்துச்சு. பதினேழாம் நம்பரைத் திறந்தேன். ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சு போச்சு.

ஒற்று. அத்தனையும். ஒண்ணுகூட விடல. 'லாகின் பண்ணுங்க'ன்னு எழுதியிருக்காங்க, 'நீங்க'ன்னு எழுதியிருக்காங்க, மத்த எல்லாம் புது விதிமுறைப்படி. ஆனா 'நம்பரைப் பதிவு பண்ணுங்க', 'மாத்திரையைப் போட்டுக்குங்க', 'டாக்டரைக் கேளுங்க'. நான் எங்க எங்க வட்டம் போட்டுக் காட்டினேனோ அங்கெல்லாம் இருக்கு. நெஜமா சொல்றேன், எனக்கு நெஞ்செல்லாம் பூரிச்சுப் போச்சு. கூப்பிட்டுக் காட்டினேன் என் சம்சாரத்தை. "தையல், இங்க வந்து பாரு, ஒரு பொம்பளை எப்படி எழுதியிருக்கான்னு பாரு."

அவ பாத்துட்டு, "நம்ம மேரியா?"ன்னா.

"பேரு சொல்லக் கூடாது."

அப்புறம் மார்க் போட உக்காந்தேன். தேவையில்லாத ஒற்று ஒண்ணுக்கு ஒன்றரை மார்க் கழிக்கணும். இருபத்தாறு இருந்துச்சு. முப்பத்தொம்பது போச்சு. அறுபத்தொண்ணு. ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன், அறுபத்தொண்ணுதான். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல குறிப்பு எழுதணும். 'அவசியமற்றது', 'அவசியமற்றது'ன்னு இருபத்தாறு தடவை எழுதினேன். பொருள் சரியா வந்திருக்கான்னு ஒரு கட்டம். அதுல 'குறையேதும் இல்லை'ன்னு எழுதினேன். அதுல நான் வஞ்சனை பண்ணல.

ஒம்பதாம் நம்பர்னு ஒரு தாள். யாரோ சின்ன வயசு. ஒரு ஒற்று கெடையாது, சுத்தமா இருந்துச்சு. கர்ப்பிணிங்களை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லணும், இங்கிலீஷ்ல 'ஸ்லீப் ஆன் யுவர் சைடு', அதை 'உங்க பக்கத்துல தூங்குங்க'ன்னு எழுதியிருந்தது அந்தப் பொண்ணோ பையனோ. பொருள் பிழைக்கு ரெண்டு மார்க்தான் கழிக்கச் சொல்லியிருந்தாங்க. கழிச்சேன். தொண்ணூத்தெட்டு.

தாளோட கடைசியில ஒரு கேள்வி உண்டு. 'இவருக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகுமா? ஆம், இல்லை.' அங்கதான் நான் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். தெரிஞ்சவங்கன்னு 'ஆம்' போட்டா நாளைக்கு என்னை யாரு நம்புவா? அதுவுமில்லாம, அந்தக் கையைப் பத்தி எனக்குத்தான் தெரியும். அஞ்சு வருஷம் ஆச்சு அதுல ஒற்றை ஏத்த. இனிமே எறக்க முடியாது. உள்ளதைத்தானே எழுதணும்? 'இல்லை' போட்டேன்.

தையல் மட்டும், "ஒரு போன் போட்டு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அந்த 'க்' 'ச்' எல்லாம் எடுத்துட்டு அனுப்புன்னு"ன்னா. அது எப்படிங்க முறையாகும்? பரீட்சைக்கு முந்தின நாள் வாத்தியார் கேள்வித்தாளைக் குடுக்கிற மாதிரி.

ஒரு மாசம் கழிச்சு மேரி வீட்டுக்கு வந்தாங்க. கையில ஒரு பிரிண்ட் அவுட். என் கையால திருத்தின தாள்தான். ஆனா கீழ என் பேரு இருக்காது. திருத்தினவரு யாருன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

"சார், மூணு வாரமா மெயில் வரல. கிரணுக்குப் போன் போட்டா எடுக்கல. கெஞ்சிக் கேட்டு இதை மட்டும் வாங்கினேன். எனக்குக் கொஞ்சம் புரிய வைங்க சார்."

உக்கார வச்சு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தேன். ஒவ்வொரு வரியா. "பாருங்க, இங்க இந்த 'ப்' அவசியமில்ல. இங்க இந்த 'க்' அவசியமில்ல."

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

"அது அப்போ மேரி. பதினொண்ணாம் பக்கம் படிக்கலையா நீங்க?"

"படிச்சேன் சார். நாலு தடவை படிச்சேன். எழுதி முடிச்சு ஒற்றையெல்லாம் எடுத்தும் பாத்தேன். எடுக்க எடுக்கத் தப்பா எழுதுற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் அவருக்குத் துணி மாத்தப் போயிட்டேன், வந்து அப்படியே அனுப்பிட்டேன்." தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "'அவசியமற்றது'ன்னு இருபத்தாறு தடவை எழுதியிருக்காரு சார். ஒரு தடவை எழுதிட்டு மத்ததும் இப்படித்தான்னு விட்டிருக்கலாம்."

"முறைன்னா அப்படித்தான்."

"ரொம்ப நுணுக்கமானவரு சார் இவரு." சொல்லிட்டு என்னையே பாத்தாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. கண்ணு செவந்திருந்துச்சு. பாவம், சரியான தூக்கம் இல்ல போல. "கடைசியில, பயிற்சி குடுத்தாலும் சரியாகாதுன்னு போட்டிருக்காரு. ஒருத்தரைப் பத்தி அப்படி எப்படி சார் தெரியும், தாளை மட்டும் பாத்துட்டு?"

ஒப்பந்தம் இருக்கே. "வேற கம்பெனி பாருங்க மேரி, தேடினா கெடைக்கும்"னேன்.

தையல் காபி கொண்டாந்து வச்சா. மேரி அதைத் தொடவே இல்ல. "மணி ஆச்சு சார், அவரைப் புரட்டணும்"னு எழுந்து போயிட்டாங்க. தையல் அன்னைக்குப் பூரா என்கிட்ட பேசல. அவளுக்கு இதெல்லாம் புரியாது.

வேற கம்பெனி கெடைக்கல போல. எங்க போனாலும் இப்ப மெஷின் எழுதிக் குடுத்துடுது, மேல பாத்துக் குடுத்தாப் போதுங்கிறான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேர்ந்துட்டாங்க. காலையில ஒம்பதரைக்குப் போகணும், திரும்பி வர ராத்திரி ஒம்பது ஆயிடும். உக்காரக் கூடாதாம் அங்க. பக்கத்து வீட்டுல ஒரு அம்மாகிட்ட சொல்லி, மத்தியானம் ஒரு தடவை அவரைப் புரட்டி விடச் சொல்லியிருக்காங்க. அந்தம்மாவுக்கு அறுபது வயசு. ஆறடி ஆளை எப்படிப் புரட்டும்? ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாராம். மேரி வந்து கேட்டா, "வந்தாங்க, புரட்டினாங்க"ம்பாராம். உணர்ச்சியே இல்லாத எடம், அவருக்கு என்ன தெரியும். நாத்தம் வந்த பிறகுதான் மேரிக்குத் தெரிஞ்சிருக்கு. முதுகுக்குக் கீழ கை போற அளவுக்குப் புண்ணு. எலும்பு தெரிஞ்சுதாம். பெரியாஸ்பத்திரியில பதினாறு நாள் இருந்தாரு. ரத்தத்துல வெஷம் ஏறிடுச்சுன்னுட்டாங்க.

அடக்கத்துக்குப் போனேன். போகாம இருப்பேனா? கல்லறையில அந்தம்மா அழல. ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து அவரை எடுத்து வச்சப்பவும் அழலையாம். பெட்டியில வச்சிருந்தாங்க. மல்லாக்கப் படுக்க வச்சிருந்தாங்க, அப்படித்தானே வைப்பாங்க. அப்ப மேரி குனிஞ்சு, தோளுக்குக் கீழ கையைக் குடுத்து, புரட்டப் போனாங்க. பக்கத்துல இருந்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. 'மீளா துயரில்'னு போட்டிருந்தாங்க. 'மீளாத் துயர்'. ஒரு 'த்' விட்டிருந்தாங்க. மனசு எங்கெங்க போகுது பாருங்க, அந்த நேரத்துல.

இது நடந்து பத்து மாசம் இருக்கும். போன வாரம் கிரண்கிட்டேர்ந்து மெயில். ஒரு பெரிய வாடிக்கையாளரு, அவரோட அப்பா தமிழ் வாத்தியாராம். எங்க எழுத்தைப் பாத்துட்டு, என்னய்யா இது, ஒற்றே இல்லாம, படிக்கவே கூசுதுன்னு மகன்கிட்ட சத்தம் போட்டிருக்காரு. அவ்வளவுதான். புது விதிமுறை, மூணாம் பதிப்பு. ஒற்று கட்டாயம். விட்டா ஒன்றரை மார்க் கழிக்கணும். இப்ப என்ன சிக்கல்னா, இருக்குற பசங்க யாருக்கும் ஒற்று வராது. 'பழைய ஆளுங்க யாராவது இருக்காங்களா சார், உடனே வேணும்'னு கிரண் கேக்குறான்.

எனக்கு அந்த நிமிஷமே மேரி ஞாபகம்தான். நானே வலியப் போய்ச் சொன்னேன், பதினேழாம் நம்பர் தாளை எடுத்துப் பாரு, அதைவிடச் சுத்தமா எவனும் எழுத முடியாதுன்னு. அவன் பாத்துட்டு, சரி சார், பரீட்சையே வேணாம், நேரா சேத்துக்கலாம், நீங்களே பேசிடுங்கன்னுட்டான். எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. சந்தோஷமா நேத்து காலையில போன் போட்டேன்.

கடையில இருந்தாங்க. பின்னாடி ஒரே சத்தம், யாரோ வேற கலர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. "ஒரு நிமிஷம் சார்"ன்னு கொஞ்சம் ஒதுங்கி வந்தாங்க.

எல்லாம் சொன்னேன். ஒற்று திரும்பி வந்துடுச்சு, உங்க கை இருக்குற மாதிரியே இருக்கலாம், ஒண்ணும் மாத்த வேணாம், நாளையிலேர்ந்தே வீட்டுல உக்காந்து ஆரம்பிக்கலாம்னேன்.

"வீட்டுல உக்காந்து என்ன சார் பண்றது இனிமே?"ன்னாங்க.

"வேலை மேரி. வேலை இருக்குன்னுதானே சொல்றேன்."

"கட்டிலை எடுத்துக் குடுத்துட்டேன் சார். மேஜை மட்டும் நடுவுல கெடக்கு. அங்க என்னால உக்கார முடியல. இங்க நின்னுக்கிட்டே இருக்கறது பரவால்ல சார்." அப்புறம், "தையல்நாயகி அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னு வச்சிட்டாங்க.

கோபம் ஒண்ணும் இல்ல குரல்ல. நல்லாத்தான் பேசினாங்க. நல்லாப் பேசினதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஒருத்தருக்கு நல்லது பண்ண ஓடிப் போய்ப் பேசினா இப்படி. என்னைக் கேட்டதாச் சொல்லல பாருங்க, அவளைக் கேட்டதாச் சொல்றாங்க. அதைப் போய் வீட்டுல சொன்னேன். அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. இன்னைக்கு நான் கெளம்பறப்பவும் வெளிய வரல.

வல்லம் வந்துருச்சா? நீங்க பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா?

இல்ல, ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. கிரண் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கான். வர முடியாதவங்க ஏன் வரலன்னு காரணம் எழுதி இன்னைக்குள்ள அனுப்பணும். சின்னக் கட்டம். ரெண்டு வார்த்தைக்குமேல எடம் இல்ல. காலையிலேர்ந்து போனைத் திறக்குறேன், மூடுறேன். அப்புறம் 'சொந்தக் காரணம்'னு போட்டேன். இன்னும் அனுப்பல. சரியாத்தானே இருக்கு? இல்ல, எழுத்தைக் கேக்கல தம்பி. எழுத்துல தப்பில்ல. நீங்களா இருந்தா வேற என்ன எழுதுவீங்க?